எல்லோரும் சேர்ந்து சிரித்ததாகச் சொல்லப்படும் காலம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது முதல் தனியார் அலைவரிசைகள் வீடுகளுக்குள் நுழைந்த 1990களின் நடுப்பகுதி வரையிலான இருபது ஆண்டுகளைத் தமிழ்ச் சின்னத்திரை நகைச்சுவையின் பொற்காலம் என்று போற்றும் கருத்து, தீபாவளி மலர்களிலும் நாடக விழா மேடைகளிலும் ஏறத்தாழ மறுப்பாரின்றி நிலைபெற்றுவிட்டது. காத்தாடி ராமமூர்த்தி நடித்த ‘துப்பறியும் சாம்பு’, எஸ்.வி. சேகரின் ‘வண்ணக் கோலங்கள்’, செவ்வாய்க்கிழமை இரவு நாடகங்கள் ஆகியவற்றின் பெயர்களைச் சொல்லி, அன்று தமிழ்நாடே ஒன்றாக உட்கார்ந்து சிரித்தது என்றும், அந்தச் சிரிப்பு மாசற்றது என்றும், பின்னர் அது அதிகாரிகளின் அலட்சியத்தால் மறக்கடிக்கப்பட்டது என்றும், ஒளிநாடாக்களைத் தூசு தட்டி மீண்டும் வெளியிட்டால் இன்றைய தலைமுறையும் விழுந்து விழுந்து சிரிக்கும் என்றும் இக்கருத்துடையோர் கூறுவர். இந்த நான்கு கூற்றுகளில் எதுவும் முழுமையாக நிற்கக்கூடியதன்று. முதலாவது, கள்ளக்குறிச்சியிலிருந்து பார்த்தால், நிற்கவே முடியாதது.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 முதல்தான் தனி மாவட்டம். அதற்கு முன் விழுப்புரம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியாகவும், 1993 வரை பழைய தென்னார்க்காட்டின் ஓரமாகவும் இருந்த இந்த நிலம் சென்னையிலிருந்து சாலைவழி ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கோபுரத்திலிருந்து நேர்கோட்டில் பாயும் தொலைக்காட்சி அலை, கோபுரத்தின் உயரத்தைப் பொறுத்து நூறு கிலோமீட்டர் அளவில் தேய்ந்துவிடும் இயல்புடையதாதலால், சென்னையில் புறப்பட்ட நாடகம் திண்டிவனத்தை எட்டும்போதே புள்ளிப் புள்ளியாகச் சிதறத் தொடங்கிவிடும். 1984இல் நாளுக்கொன்று என்ற வேகத்தில் நாடெங்கும் திறக்கப்பட்ட குறைந்த திறன் அஞ்சல் நிலையங்கள் இக்குறையைத் தீர்த்துவிட்டதாகச் சொல்வோர் உண்டு. அஞ்சல் நிலையம் என்பது தானாக எந்த நிகழ்ச்சியையும் தயாரிக்காமல், வேறிடத்திலிருந்து வருவதை வாங்கிப் பதினைந்து இருபது கிலோமீட்டர் சுற்றளவுக்கு மறு ஒளிபரப்புச் செய்யும் சிறிய கோபுரமாகும். அந்நாளில் அது இன்சாட்-1பி செயற்கைக்கோள் வழியாக வாங்கியது தில்லியின் நிகழ்ச்சிகளையே. எனவே 1980களின் நடுவில் உள்மாவட்டங்களில் பெட்டி வாங்கிய பலருக்குக் கிடைத்த முதல் குடும்ப நகைச்சுவைத் தொடர் 1984இல் தொடங்கிய ‘யே ஜோ ஹை ஜிந்தகி’ என்ற இந்தித் தொடர்தான். 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கொந்தளித்த மாநிலத்தின் சிற்றூர்கள், புரியாத மொழியில் பதிவுசெய்யப்பட்ட சிரிப்பொலியைக் கேட்டு எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்ட விந்தையைப் பொற்காலத்தைப் பாடுவோர் எவரும் குறிப்பிடுவதில்லை. கடலோரத்தில் இருந்தவர்களுக்காவது 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பிடித்துத் தமிழ் நிகழ்ச்சி பார்க்கும் வழி இருந்தது. சின்னசேலத்துக்கும் சங்கராபுரத்துக்கும் அதுவும் இல்லை.

மலைமேல் நிலைமை இன்னும் வேறு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சி மாவட்டத்து வெள்ளிமலை, கரியாலூர் முதல் சேலம் மாவட்டத்துக் கருமந்துறை வரை பரந்து கிடப்பது; மலையாளி என்ற பழங்குடியினர் வாழ்வது. (மலையை ஆள்வோர் என்ற பொருளிலேயே இப்பெயர் வழங்குகிறது, கேரளத்தோடு இதற்குத் தொடர்பில்லை.) சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் எனும் மூன்று ஜாகீர்களாக, அதாவது வரி வசூலிக்கும் பரம்பரை உரிமை பெற்ற தலைவர்களின் ஆளுகைப் பகுதிகளாக இருந்த இம்மலையூர்கள் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்ததே 1976இல், சென்னையில் தொலைக்காட்சி தொடங்கி ஓராண்டு கழித்து. ஜாகீர்தாருக்குக் கூலியில்லா வேலை செய்வதிலிருந்து விடுபட்டுக்கொண்டிருந்த ஒரு மக்கள் கூட்டத்தையும், மாம்பலத்துக் கூடத்தில் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து நாடகம் பார்த்த குடும்பத்தையும் ஒரே எழுவாய்க்குள் அடக்கி ‘தமிழ்நாடே சிரித்தது’ என்று எழுதுவது துணிச்சலான வேலை.

மாநிலம் முழுவதற்குமான கணக்கே இதை உறுதிசெய்கிறது. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் மட்டுமே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. 2011இல் அது 87 விழுக்காடாகியது. இடையில் நிகழ்ந்தது, 2006 செப்டம்பர் 15 அன்று தி.மு.க. அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். 14 அங்குலப் பெட்டிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் போயின. பொற்காலம் முடிந்துவிட்டதாகச் சொல்லப்படும் ஆண்டுக்குப் பிறகும் பத்தில் ஆறு வீடுகளில் பெட்டியே இல்லாதிருந்த மாநிலத்தில், ஒன்றாக உட்கார்ந்து சிரித்த அந்தத் தமிழ்நாடு எது என்ற கேள்விக்கு விடை கடினமானதன்று.

பெட்டி சொந்தமாக இல்லாவிட்டாலும் ஊராட்சிப் பெட்டி இருந்ததே என்பது இதற்கு வழக்கமாகத் தரப்படும் பதில். உண்மைதான், ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு சிறு அறை, அதற்குள் இரும்புக் கதவு போட்ட கூண்டில் ஒரு பெட்டி, கூரைமேல் ஆளுயரத்தைப் போல் மும்மடங்கு கம்பத்தில் ஆன்டெனா, சாவி ஊராட்சி ஊழியரிடம் என்ற ஏற்பாடு பல சிற்றூர்களில் நடைமுறையில் இருந்தது. ஆனால் அந்த அறை எதற்காகத் திறக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலைத் திரைப்படம் ஆகிய இரண்டுக்கும் கூட்டம் நெருக்கியடித்தது; அதிலும் காற்றடித்தால் ஒருவர் கூரையேறிக் கம்பத்தைத் திருப்ப, கீழே இருப்பவர் ‘இப்ப தெரியுது, இப்ப தெரியல’ என்று குரல் கொடுத்தபடி இருக்க வேண்டும். மற்ற நாள்களில் சாவிக்காரர் சாப்பிடப் போயிருப்பார். மேலும் அந்த அறை ஊர்த்தெருவில் இருந்ததே அன்றி, தலித் மக்களின் குடியிருப்பாகிய காலனியில் இல்லை. பல ஊர்களில் காலனிப் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தவர்களே. ‘ஒன்றாக உட்கார்ந்து’ என்ற தொடரில் முதற்சொல்லுக்கும் இரண்டாம் சொல்லுக்கும் இங்கே இடமில்லை.

இவ்வட்டாரம் சிரிக்கவில்லை என்று இதற்குப் பொருளில்லை. அது சிரித்த இடங்கள் வேறு. திருமணப் பந்தலின் தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் ‘திருவிளையாடல்’ படத்தின் வசன இசைத்தட்டு சுழன்றபோது, நாகேஷின் தருமி புலம்பலை வயலில் களை பறித்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து சொன்னார்கள். 1965இல் வெளிவந்த ஒரு படத்தின் நகைச்சுவை முப்பது ஆண்டுகள் காதுவழியாகவே பரவிய கதை அது. பிறகு டெக் எனப்பட்ட வீடியோ நாடாக் கருவி வந்தது. நகரத்து வீடியோ கடையிலிருந்து டெக்கையும் வண்ணப் பெட்டியையும் வாடகைக்கு எடுத்து, திருவிழா இரவிலோ காதுகுத்து முடிந்த இரவிலோ விடிய விடிய மூன்று படம் ஓட்டுவது 1980களின் இறுதியிலும் 1990களிலும் வழக்கமாயிருந்தது. 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தின் வாழைப்பழக் காட்சியைத் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்காத கூட்டம் அரிது. தமிழ்நாடு உண்மையிலேயே சேர்ந்து சிரித்த நகைச்சுவை என ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் கவுண்டமணி, செந்தில் இணையைத்தான் சுட்ட வேண்டும். அவர்கள் எந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் கண்டுபிடிப்பும் அல்லர்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, தென்னார்க்காட்டுக்குச் சொந்தமான நகைச்சுவை வடிவம் ஒன்று தொலைக்காட்சிக்குப் பல தலைமுறைகள் முந்தியே இருந்து வருகிறது. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் இரவு முழுவதும் நடக்கும் பாரதக் கூத்தில் கட்டியங்காரன் என்றொரு பாத்திரம் உண்டு. அரசனின் வருகையை அறிவிப்பவன் என்பது அவனுடைய பெயரளவிலான வேலை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடித் தன் வருகையைச் சொல்லும் துரியோதனனைத் திரை விலகியதும் எதிர்கொண்டு, ‘ஐயா யாரு, எந்த ஊரு, எதுக்கு இந்த அகாலத்துல சத்தம் போடுறீங்க’ என்ற பாணியில் ஊர்ப்பேச்சில் விசாரிப்பான். அரசன் செந்தமிழில் தன் பெருமையைச் சொல்லச் சொல்ல, கட்டியங்காரன் அதை ஊர்க் கணக்கில் பெயர்த்துக் கூட்டத்துக்குச் சொல்வான்: நாட்டைச் சூதில் பணயம் வைத்தது உள்ளூரில் பத்திரம் அடகு போன கதையாகும், குருகுலத்துக் கருவூலத்தின் நிலை கரும்புக்குப் பணம் தராமல் இழுத்தடிக்கும் ஆலையின் நிலையோடு ஒப்பிடப்படும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ள ஒரு வட்டாரத்தில் அந்த ஒப்பீட்டுக்கு விளக்கவுரை தேவைப்படாது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊர்ப்பெரியவரைப் பெயர் சொல்லாமல் சீண்டுவதும், கூட்டம் தூங்கி வழியும் மூன்று மணிக்கு அதைச் சிரித்து எழ வைப்பதும் அவன் பொறுப்பு. இன்று இரவு சொன்னது நாளை இரவு வேறு ஊரில் வேறாகும். ‘மறக்கப்பட்ட தமிழ் நகைச்சுவை’ என்ற தலைப்பில் எழுதப்படும் கட்டுரைகளில் இந்தக் கலைஞர்களில் ஒருவர் பெயரும் வருவதில்லை. அவர்களுடைய ஒலிப்பதிவுகளை மறுவெளியீடு செய்யுமாறு கோரிக்கை மனு எழுதுவாரும் இல்லை.

மறக்கப்பட்டவை என்ற கூற்றை இங்கே எடுத்துக்கொள்ளலாம். ‘துப்பறியும் சாம்பு’ மறக்கப்பட்டதா? தேவன் 1940களில் ஆனந்த விகடனில் எழுதிய அக்கதைகள் இன்றும் அச்சில் கிடைக்கின்றன. கோபுலுவின் சித்திரத்தோடு சேர்த்துச் சாம்புவை அடையாளம் காட்டத் தெரிந்த வாசகர்கள் நான்கு தலைமுறையாக இருக்கிறார்கள். நாடகாசிரியர் கிரேஸி மோகன் 2019இல் மறைந்த பின்னும் அவருடைய நாடகங்கள் மேடையேறிக்கொண்டிருக்கின்றன. 1989இலும் 1990இலும் அவர் வசனம் எழுதிய ‘அபூர்வ சகோதரர்கள்’, ‘மைக்கேல் மதன காமராஜன்’ படங்களின் காட்சிகள் ஏதேனும் ஓர் அலைவரிசையில் அன்றாடம் ஓடுகின்றன. எஸ்.வி. சேகரின் நாடகங்கள் ஒலிநாடாவாக விற்றுத் தீர்ந்து, இப்போது யூடியூபில் உள்ளன. 1990களின் பிற்பகுதியில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’யை எவரும் எவரிடமும் மனுக் கொடுக்காமல் யூடியூபில் பார்க்க முடிகிறது. இத்தனை வழிகளில் நினைவுகூரப்படும் ஒரு மரபை மறக்கப்பட்டது என்று சொல்வதில் சிறு தந்திரம் இருக்கிறது: எழுதத் தெரிந்தவர்களின் இளமை நினைவாக இருப்பதாலேயே அது திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது, எழுதப்படும் ஒவ்வொரு முறையும் மறக்கப்பட்டதாகவே அறிமுகப்படுத்தப்படுகிறது. உண்மையில் மறக்கப்பட்ட ஒன்றைப் பற்றி ஆண்டுதோறும் கட்டுரை வருவதில்லை.

அடுத்தது மாசின்மை பற்றிய கூற்று. சென்னைத் தொலைக்காட்சியின் நகைச்சுவை சபா நாடகத்திலிருந்து வந்தது. சபா என்பது மயிலாப்பூர், தியாகராய நகர், திருவல்லிக்கேணி போன்ற பகுதிகளில் உறுப்பினர் சந்தாவில் இயங்கிய கலை அமைப்பு. மாதத்துக்கு இத்தனை கச்சேரி, இத்தனை நாடகம் என்று உறுப்பினருக்கு வழங்குவது. பகலில் அலுவலகம், மாலையில் ஒத்திகை என்றிருந்த பயில்முறைக் குழுக்கள் இரண்டு அல்லது மூன்று காட்சியமைப்புக்குள் அடங்கும் நாடகங்களை அதற்கென உருவாக்கின. படப்பிடிப்பு அரங்கில் இரண்டு மூன்று கேமராக்களை வைத்துக்கொண்டு விரைவாகப் பதிவுசெய்ய வேண்டியிருந்த நிலையத்துக்கு, ஏற்கெனவே மனப்பாடமாகி ஏற்கெனவே கைதட்டல் வாங்கிய இந்நாடகங்கள் மிகவும் வசதியாக அமைந்தன. சொல் விளையாட்டிலும் ஆள்மாறாட்டத்திலும் கதவு திறக்கும் கணத்தை அளந்து வைப்பதிலும் இக்குழுக்கள் அடைந்த தேர்ச்சியை மறுப்பது நேர்மையாகாது. கிரேஸி மோகனின் வசனத்தில் ஒரு சொல்லின் வாலைப் பிடித்து அடுத்த சொல் ஓடும் வேகத்துக்கு இன்றும் இணை இல்லை. ஆனால் அத்தேர்ச்சி யாரை வைத்துச் சிரித்தது? காது கேளாத தாத்தா, திக்கிப் பேசும் மாப்பிள்ளை, புடைவை கேட்டு நச்சரிக்கும் மனைவி, சமையற்காரர், மெட்ராஸ் பாஷை பேசும் வீட்டு வேலையாள் ஆகியோர் அதன் நிலையான பொருள்கள். ஊரிலிருந்து வருபவர் வந்தால், முண்டாசோடு வந்து தொலைபேசியைப் பார்த்து மிரள வேண்டும்.

இந்த மாசின்மைக்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்னை நிலையம் திறக்கப்பட்ட நாள், நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நாள். 1997 நவம்பரில் பிரசார் பாரதி என்ற தன்னாட்சிக் கழகம் அமையும் வரை, சென்னை நிலையத்தை நடத்திய தூர்தர்ஷன் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் நேரடிப் பிரிவாகவே இருந்தது. எழுத்துப்படி முன்கூட்டியே பார்வையிடப்பட்டது. அதே சபா மேடையில் 1968இல் நாடகாசிரியர் சோ ‘முகமது பின் துக்ளக்’ நாடகத்தை நடத்தி ஆட்சியாளர்களை எரிச்சலூட்ட முடிந்தது. அரசு ஊடகத்தில் அத்தகைய கேலிக்கு இடமிருக்கவில்லை. சபாவின் கூர்மையான பகுதி வாசலிலேயே நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள் நடக்கும் குழப்பங்கள் மட்டும் உள்ளே அனுப்பப்பட்டன. அப்படி வடிகட்டி மிஞ்சியதைக் கலைஞர்களின் நாகரிகம் என்று பாராட்டுவது அக்கலைஞர்களுக்கே பெருமை சேர்ப்பதன்று. இரவு மூன்று மணிக்கு ஊர்ப்பெரியவரைச் சீண்டும் கட்டியங்காரனோடு வைத்துப் பார்த்தால் எது துணிந்த நகைச்சுவை என்பது தெரியவரும்.

இன்றைய நகைச்சுவை தரம் கெட்டது என்ற புலம்பலும் இதே மூச்சில் வருவதால் ஒரு குறிப்பு. 2003இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘லொள்ளு சபா’, ராம்பாலாவின் இயக்கத்தில் தமிழ்த் திரைப்படங்களைக் கேலி செய்தது; பார்ப்பவர்களுக்குத் திரைப்படம் தெரிந்திருந்தால் போதும், சபா உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. அதன்பின் வந்த ‘கலக்கப் போவது யாரு’, ‘அசத்தப் போவது யாரு’ போட்டிகளால் அறியப்பட்ட சிலரின் பெயர்களைப் பார்த்தால் போதும்: மதுரை முத்து, ஈரோடு மகேஷ், கோவை குணா. முந்தைய தலைமுறையின் அடைமொழிகள் நாடகங்களிலிருந்து வந்தவை. சோவின் நாடகத்தில் ஏற்ற வேடம் காத்தாடியைத் தந்தது, ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ கிரேஸியைத் தந்தது. அடுத்த தலைமுறை ஊர்ப்பெயரைச் சுமந்து வந்தது. இந்நிகழ்ச்சிகளில் உருவக் கேலியும் பெண் வேடக் கேலியும் மலிந்திருந்தன என்பது உண்மை. அந்த நோய் புதிதாகத் தொற்றியதன்று; சபாவின் வீட்டிலேயே அது வளர்ந்தது.

மறு ஒளிபரப்புக்கு மக்கள் ஏங்குகிறார்கள் என்பதற்குச் சான்றாக 2020ஆம் ஆண்டு ஊரடங்கைக் காட்டுவார்கள். அந்த ஆண்டு மார்ச் 28 அன்று ‘ராமாயண்’ தொடர் மீண்டும் தொடங்கியதும், பெரும் பார்வையாளர் எண்ணிக்கையை தூர்தர்ஷன் அறிவித்ததும், ஏப்ரலில் டிடி ரெட்ரோ என்ற தனி அலைவரிசையே திறக்கப்பட்டதும், ‘தேக் பாய் தேக்’, ‘ஸ்ரீமான் ஸ்ரீமதி’ போன்ற நகைச்சுவைத் தொடர்கள் திரும்பி வந்ததும் நடந்தவை. புதிய படப்பிடிப்பு எதுவும் இல்லாமல் நாடே வீட்டுக்குள் அடைபட்டிருந்த வாரங்களில் கிடைத்த எண்ணிக்கையை இயல்பான விருப்பத்தின் அளவுகோலாகக் கொள்ள முடியாது. இதிகாசத்தைப் பார்க்க உட்கார்ந்தவர் ஆள்மாறாட்ட நாடகத்துக்கும் உட்காருவார் என்பதும் நிறுவப்படாத ஊகம். மேலும், பழைய பெட்டியோடும் கம்பத்து ஆன்டெனாவோடும் இருந்த மலையூர்க்காரருக்கு அந்த ஏக்கத்தைத் தீர்க்கும் வழியையே தூர்தர்ஷன் அடுத்த ஈராண்டில் அடைத்துவிட்டது: தரைவழி அனலாக் ஒளிபரப்புக் கோபுரங்கள் 2022ஆம் ஆண்டு வாக்கில் பெரும்பாலும் நிறுத்தப்பட்டன. டிஷ் வைத்தால் இலவசமாகக் கிடைக்கும். 2024 நவம்பரில் பிரசார் பாரதி தொடங்கிய வேவ்ஸ் இணையத்தளத்திலும் பழைய நிகழ்ச்சிகள் உண்டு. ஆனால் கைப்பேசியில் பேசுவதற்கே மேட்டுக்கு ஏற வேண்டிய மலையூர்களுக்கு இணையவழி மறுவெளியீடு என்பது 1975இன் சென்னைக் கோபுரத்தைப் போன்றதே.

அலட்சியம் பற்றிய கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. தொடக்க காலத்தில் நிகழ்ச்சிகள் முக்கால் அங்குல அகலமுள்ள யூமேட்டிக் ஒளிநாடாக்களில் பதிவாயின. இறக்குமதியாகும் விலையுயர்ந்த பண்டம் அது. அந்நியச் செலாவணிக்கு அனுமதி வேண்டியிருந்த காலம். ஒளிபரப்பு முடிந்ததும் நாடாவை அழித்து அடுத்த வாரத்துக்குப் பயன்படுத்துவது கணக்குக் கேட்கும் அதிகாரியின் பார்வையில் சிக்கனம். பணக்கார நிறுவனமான பிபிசியே 1970களின் பிற்பகுதி வரை இதைத்தான் செய்தது: ‘டாட்ஸ் ஆர்மி’ என்ற புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடரின் மூன்று பகுதிகள் இதனால் இன்றுவரை கிடைக்கவில்லை, பீட்டர் குக், டட்லி மூர் இணையின் ‘நாட் ஒன்லி பட் ஆல்சோ’ தொடரில் பெரும்பகுதி அழிந்தது. மாறாக அமெரிக்காவின் ‘ஐ லவ் லூசி’ 1951 முதலே முழுமையாகப் பிழைத்திருப்பதற்குக் கலையுணர்வு காரணமன்று. அது திரைப்படச் சுருளில் எடுக்கப்பட்டது, மறு ஒளிபரப்பை விற்றுப் பணம் பண்ண முடியும் என்பது அதன் தயாரிப்பாளர்களுக்குத் தெரிந்துபோயிற்று. மிஞ்சிய காந்த நாடாவும் எளிதில் உயிர்பெறுவதில்லை. பிளாஸ்டிக் பட்டையோடு காந்தத் துகளை ஒட்டி வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும்; இளகிய நாடாவை அப்படியே கருவியில் ஓட்டினால் படம் பதிந்த பூச்சு உரிந்து வரும். குறைந்த சூட்டில் பல மணிநேரம் உலர்த்திய பின், இன்று எங்கும் தயாரிக்கப்படாத யூமேட்டிக் கருவியில் ஒரேயொரு முறை ஓட்டிக் கணினிக்கு மாற்ற வேண்டும். எனவே எதை முதலில் காப்பது என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். மறுவெளியீட்டுக் கோரிக்கை அத்தேர்வைப் புகழ்பெற்றவற்றின் பக்கம் சாய்த்துவிடுகிறது. அவற்றிலும் நூலாகவோ மேடை நாடகமாகவோ ஏற்கெனவே பாதுகாப்பாக இருப்பவற்றின் பக்கம்.

உரிமைச் சிக்கலும் இருக்கிறது. நிலையம் தன் செலவில் எடுத்த நிகழ்ச்சி அதற்கே சொந்தம். விளம்பரதாரர் நிகழ்ச்சியோ வேறு வகை: தயாரிப்பாளர் தன் பணத்தில் எடுத்து, ஒளிபரப்புக் கட்டணம் செலுத்தி, விளம்பர நேரத்தை விற்று முதலை மீட்பார், ஒளிபரப்பு முடிந்தால் உரிமையும் நாடாவும் அவருடையவை. 1980களின் நடுவுக்குப் பிந்தைய தொடர்களில் பல இவ்வகையின. ஆகவே அவற்றைப் பூட்டி வைத்திருப்பதாக தூர்தர்ஷனைத் திட்டுவது விலாசம் தவறிய கடிதம். தயாரிப்பாளர் மறைந்தோ தேடியும் கிடைக்காமலோ போனவற்றுக்கு, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது. உரியவர் அகப்படாத படைப்பை வெளியிட விரும்புபவர் அறிவிப்பு வெளியிட்டு, நிர்ணயிக்கப்படும் தொகையைச் செலுத்திக் கட்டாய உரிமம் பெறலாம். ஏக்கக் கட்டுரைகள் எழுதப்படும் அளவுக்கு அந்த விண்ணப்பம் எழுதப்பட்டால் நல்லது.

கோர வேண்டியது மறுவெளியீடு அன்று, பட்டியல். சென்னை நிலையத்தில் 1975 முதல் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு நாடாவுக்கும் நிகழ்ச்சியின் பெயர், ஒளிபரப்பிய நாள், பங்கேற்றவர்கள், உரிமையாளர், நாடாவின் இன்றைய நிலை ஆகியவற்றைக் கொண்ட பட்டியல் தமிழில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். 2024 ஜனவரியில் தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசைக்கு இருந்த பொதிகை என்ற பெயரை டிடி தமிழ் என மாற்றுவதற்குச் செலவான முயற்சி அதற்குப் போதுமானதாயிருந்திருக்கும். பிரான்சில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி வானொலி, தொலைக்காட்சி ஒளிபரப்புகள் தேசிய ஒலி ஒளி நிறுவனமாகிய இனாவில் வைப்பாகச் சேர்கின்றன. சிரிப்பு நாடகம், பயிர்ப் பாதுகாப்பு, வானிலை என்ற பாகுபாடு அங்கு கிடையாது. இந்தியாவில் 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டம் அச்சிட்டவற்றை மட்டும் பொது நூலகங்களுக்குத் தரக் கட்டாயப்படுத்துகிறது; ஒளிபரப்புக்கு அத்தகைய சட்டம் இல்லை. தனியார் அலைவரிசைகள் முப்பது ஆண்டாக எடுத்துக் குவித்தவற்றின் கதி அவற்றின் கிடங்கு வாடகையைப் பொறுத்தது.

பட்டியல் இருந்தால் தேர்வு பலருடைய கைக்குப் போகும். சபா ரசிகர் ‘வண்ணக் கோலங்க’ளைக் கேட்கட்டும், அது கிடைக்கவும் வேண்டும். சங்கராபுரத்து உழவர் ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியில் அந்நாளைய விதை பற்றி என்ன சொன்னார்கள் என்று தேடலாம். கூத்துக் குழுவின் வாரிசு தன் பாட்டனார் எப்போதாவது நிலையத்துக்குச் சென்று ஆடினாரா என்று பார்க்கலாம். கூத்தாண்டவர் திருவிழாவுக்காகக் கூவாகத்தில் கூடும் திருநங்கையர் தங்களைப் பற்றி அரசுத் தொலைக்காட்சி என்ன காட்டியது, நகைச்சுவை என்ற பெயரில் எதையெல்லாம் காட்டியது என்று சரிபார்க்கலாம். இதற்குக் கள்ளக்குறிச்சி மாவட்ட நூலகத்தில் ஒரு கணினியும் வெள்ளிமலையில் ஒன்றும் போதும். அவற்றில் முதலில் தேடப்படும் பெயர் சாம்புவாக இருக்கும் என்று பந்தயம் கட்ட விரும்புவோர் கட்டலாம்.